நாச்சாரம் படத்தில் காணாமல் போன புள்ளி

உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு நகரத்தில் சுரங்கம் தோண்டுகிறார்கள். அதற்கு மேலே நிலம் அசைகிறதா என்று செயற்கைக்கோள் ராடாரை வைத்துப் போட்ட படம். ஆயிரக்கணக்கில் பச்சைப் புள்ளிகள். ஒரு சிவப்பு கிடையாது, ஒரு மஞ்சள் கிடையாது. எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். ரொம்ப அழகாக இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். பிள்ளைக்குக் கோபம் போலிருக்கிறது, அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அவருக்கும், அவரைப்போல இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பாடம் எடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பேச ஆள் வேண்டும், அதை மறைப்பானேன்.

ஹைதராபாத்தில் எங்கள் அலுவலகம் பேகம்பேட்டில் இருந்தது. புது விமான நிலையம் ஊருக்கு வெளியே போய்விட்டதால் அங்கே விமானச் சத்தம் நின்று ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் பேச்சை நிறுத்துவோம், அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சத்தம் போன பிறகும் பேச்சின் நடுவே நிறுத்தும் பழக்கம் எங்களுக்கு வெகுநாள் போகவில்லை. எதிர்முனையில் இருப்பவர் லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்துக்கொள்வார்.

நான் அதற்கு முன் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பல வருடம் செயற்கைக்கோள் படம் பார்த்தவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தச் சிறிய கம்பெனிக்கு வந்தேன். ஊரே சாஃப்ட்வேர் கம்பெனிகள் முளைத்த கச்சிபௌலி பக்கம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எங்களிடம் சேரும் பிள்ளைகளுக்கு ராடார் என்றால் என்னவென்று புரியத் தொடங்கும் மாதத்தில் சரியாக ராஜினாமாவும் வரும். அங்கே கம்பெனி பஸ், கண்ணாடிக் கட்டடம், இரண்டு மடங்கு சம்பளம். இங்கே மின்வெட்டும் நானும். யாரைக் குறை சொல்வது.

ஓடாமல் இருந்தவள் வசந்தி. எம்.டெக். படித்தவள், என்னைவிடப் பதினைந்து வயது சிறியவள். வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்து செகந்தராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். அவள் தாத்தா காலத்திலேயே ஊர்த் தொடர்பு விட்டுப்போயிருந்தது. அவளுடைய தமிழில் பாதிக்குப் பாதி ஹைதராபாத் உருது. நானோ ராமநாதபுரம் மாவட்டத்து முஸ்லிம். என் பெயரைக் கேட்டதும் அந்த ஊரில் எல்லோரும் உருதுவில் தொடங்கிவிடுவார்கள். இருபது வருடம் இருந்தும் எனக்கு நான்கு வாக்கியத்துக்கு மேல் வராது. ஆட்டோக்காரர் என் தாடியையும் என் உருதுவையும் மாறிமாறிப் பார்ப்பார். நெற்றியில் பொட்டோடு பக்கத்தில் நிற்கும் வசந்திதான் அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். இந்த வேடிக்கையில் எங்களுக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை.

நகரத்தின் கிழக்குப் பக்கம், நாச்சாரம் வழியாக, பூமிக்கு அடியில் குடிநீர்ச் சுரங்கம் ஒன்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே வீடுகள், தொழிற்சாலைகள், கடைகள். தோண்டத் தோண்ட மேலே இருப்பது இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. செயற்கைக்கோள் பத்துப் பதினோரு நாளைக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து ராடார் அலையை அனுப்பும். தகரக் கூரை, இரும்பு ஏணி, கம்பி வேலி, கட்டட மூலை என்று எதில் பட்டாலும் எதிரொலி திரும்பி வரும். போன தடவை வந்த எதிரொலியையும் இந்தத் தடவை வந்ததையும் ஒப்பிட்டால், அந்தப் பொருள் சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரியும். உங்களுக்கு இது அரிச்சுவடி. அன்றைக்கு இந்த ஊரில் இதைச் சொன்னால் கிளி ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

முதலில் அப்படிப் பார்த்தவர் சுந்தரவடிவேல். சுரங்க வேலையின் பொறுப்பாளர், கோபிசெட்டிப்பாளையத்துக்காரர். பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"ஏனுங்க பாய், நான் எலி வளையாட்ட பூமிக்குள்ள தோண்டீட்டு இருக்கறேன். உங்க சாமானு ஆகாசத்துல போவுது. அது எப்படிங்க என்னையப் பாக்கும்?"

"உங்கள எங்க பாக்கப் போகுது? உங்களால மேல இருக்க வீடு அசைஞ்சா அதப் பாக்கும்."

"வீடு அசைஞ்சா வீட்டுக்காரனே வந்து என்ற சட்டையப் புடிப்பானுங்க. அதுக்கு ஆகாசத்துக்கு ஏம் போவோணும்?"

ஒப்பந்தத்தில் எங்கள் வேலை எழுதியிருந்ததால் படம் போய்க்கொண்டே இருந்தது, அவரும் வாங்கிப் பார்த்துவிட்டு "பச்சையா இருக்குதுங்க, சந்தோசம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அது பச்சையாக இருந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டும் இந்தத் தொழிலின் பழக்கங்கள், உங்களிடமும் இருக்கும். ஒன்று, சுரங்கக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தில் சொன்ன அகலத்துக்கு மட்டும் படத்தை வெட்டிக் கொடுப்பது. கேட்காததைக் கொடுத்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் வேலை வளரும். இன்னொன்று, நம்பிக்கையில்லாத புள்ளிகளை மென்பொருளே தள்ளிவிடுவது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பொருள் இரண்டு படங்களுக்கு நடுவே கொஞ்சமாக நகர்ந்தால் மென்பொருளால் அளக்க முடியும். ஒரே தாவலாக நிறைய நகர்ந்துவிட்டால் கணக்குக் குழம்பிவிடும். குழம்பியதும் அது "இந்தப் புள்ளி கலங்கல்" என்று முடிவுகட்டித் தூக்கி எறிந்துவிடும். அதாவது லேசாக அசைகிறவன் மஞ்சளாகப் படத்தில் நிற்பான். பேயாட்டம் ஆடுகிறவன் படத்திலேயே இருக்க மாட்டான். அவன் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். பார்க்கிறவர் அங்கே ஏதோ மைதானம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தனி மாநிலம் கேட்டு வாரத்துக்கு ஒரு பந்த் நடந்த காலம். செயற்கைக்கோள் படத்தோடு கூரியரில் வரவேண்டிய டிஸ்க் எங்கேயோ மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தது. அவசர அவசரமாக வேலையை முடித்து, அனுப்புவது ஒன்றுதான் பாக்கி என்றிருந்த காலை வேளையில் வசந்தி கூப்பிட்டாள்.

"சார், இங்க வாங்க. இந்த எடத்துல இன்னா இருக்கு?"

அவள் வெட்டாத முழுப் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். சுரங்கக் கோட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, நாங்கள் வெட்டிக் கொடுக்கும் பட்டைக்கு வெளியே, கொஞ்சம் மஞ்சள் புள்ளிகள். அவற்றின் நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை இடம்.

"ஒண்ணும் இல்லயே."

"ஹவ். அதான் சார் நானும் கேக்கறேன். கைக்கு ஒண்ணும் இல்ல?" அவளுடைய உருதுவில் ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன்.

"காலி இடமா இருக்கும்மா."

"காலி எடம் இல்ல. மழைக்கு முந்தி போட்ட படத்துல இங்க ஒரு புள்ளிக் கூட்டமே இருந்துச்சு. காலனியோட ஓவர்ஹெட் டேங்க். ஏணி, கம்பின்னு அத்தினியும் டியூப்லைட்டு மாதிரி எரியும். இப்ப ஒரு புள்ளி கூட இல்ல."

"டேங்க்க இடிச்சிருப்பாக."

"இடிச்சிருந்தா எதிரொலியே இருக்காதே சார். எதிரொலி அப்டியே பளிச்சுன்னு வந்துன்னு இருக்கு. புள்ளி மட்டும் இல்ல."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கள் மென்பொருள் ஒரு காலனிக்கே தண்ணீர் கொடுக்கும் தொட்டியை அப்படி மறைத்து வைத்திருந்தது.

ஆனால் என் மூளை அனுபவசாலியின் மூளை. சமாதானம் சொல்ல அதற்கு நேரமே ஆகாது. தொட்டிக்கு பெயிண்ட் அடிக்கச் சாரம் கட்டியிருக்கலாம். செல்போன் ஆன்டெனா வைத்திருக்கலாம். எதுவானாலும் எதிரொலி குழம்பும்.

"அடுத்த படம் வரட்டும்மா. பத்துப் பதினோரு நாள்ல வந்துரும். பாத்துக்கிருவோம்."

"நக்கோ சார், வேணாம். சேட்டிலைட்டு வர பதினோரு நாள் ஆவும். நாம நாச்சாரம் போக முக்கா மணி நேரம்."

அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் இரண்டு பேர் சிரித்தார்கள். இருபத்தைந்து வருடம் வானத்திலிருந்தே தரையைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன், தரையைத் தரையிலிருந்தே பார்க்கப் போவது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

மருந்துத் தொழிற்சாலைகளின் வாடையைத் தாண்டிப் பின்பக்கம் போனால் இரண்டு மாடி வீடுகள் நெருக்கமாக நிற்கும் ஒரு காலனி. அதன் நடுவில் சிறிய மைதானம். மைதானத்தின் ஓரத்தில் உயரமான கால்களின் மேல் தொட்டி. தொட்டியின் நிழலில், அதை ஒட்டியே, ஒரு சின்ன ஆங்கிலப் பள்ளியின் தகரக் கொட்டகைகள். வெயிலுக்காக அரைநாள் பள்ளி தொடங்கியிருந்தது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். அழைத்துப்போக வந்த தாய்மார்கள் தொட்டியின் அடியில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

தொட்டி பார்வைக்கு நேராகத்தான் நின்றது. சாரம் இல்லை, ஆன்டெனா இல்லை. நான் கொஞ்சம் தைரியமானேன். ஆனால் மேலிருந்து வரும் பெரிய குழாய் தரைக்குள் போகும் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பழையது ஒன்று, அதற்கு மேல் புதியது ஒன்று, அதற்கும் மேல் ஈரம் காயாத ஒன்று. அந்த இணைப்பு திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. குழாய் தன் பாட்டில் இருந்தால் அது ஏன் விடப்போகிறது.

வசந்தி ரோட்டோரம் இருந்த ஒரு சிறிய கோயிலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கும்பிட்டுவிட்டு வரட்டும் என்று நானும் நின்றேன். அவள் கும்பிடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சார், இது கட்ட மைசம்மா."

"சரி, கும்பிட்டுட்டு வா."

"அது இல்ல சார். கட்டன்னா கரை, இந்த அம்மன ஏரிக்கரையில தான் வெப்பாங்க. கரை ஒடையாம காவல் காக்கறவ. தெருவுல வெக்க மாட்டாங்க, காலனியில வெக்க மாட்டாங்க. போனாலு பண்டிகைக்கு நாங்க போற, எங்க பாட்டி வீட்டாண்ட இருக்கறதும் கரை மேல தான். இவ இங்க இருக்காளே, ஏரி எங்க சார்?"

நான் அப்போதுதான் நாங்கள் நின்றிருந்த ரோட்டைப் பார்த்தேன். அது வீடுகளைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருந்தது. மற்ற தெருக்களெல்லாம் நேராக இருக்க, இது மட்டும் காரணமில்லாமல் வில்லாக வளைந்து போனது. கோயில் பக்கம் லேசான சரிவு, மறுபக்கம் செங்குத்து. எங்கள் ஊரில் கண்மாய்க்கரை இப்படித்தான் இருக்கும். வண்டி போகும் ரோடு என்று நாங்கள் நினைத்தது கரை. காலனியும் பள்ளியும் தொட்டியும் நின்றது ஏரிக்குள்ளே.

வசந்தியின் செல்போனில் அந்த வெள்ளை இடமும் மஞ்சள் புள்ளிகளும் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தோம். மஞ்சள் எல்லாம் இந்த வளைவுக்கு உள்பக்கமே இருந்தது. ஒன்றுகூடக் கரையைத் தாண்டவில்லை.

ஏரியைக் கட்டட இடிபாடும் மண்ணும் குப்பையும் போட்டு எப்போதோ மேடாக்கி மனை போட்டிருக்கிறார்கள். அந்த மண் அடியில் ஊறிக்கிடக்கும் நீரோடு நிற்கும்வரை நிற்கும். நீரை எடுத்துவிட்டால் பிழிந்த துணிமூட்டை மாதிரி அமுங்கும். நீரை யார் எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சுந்தரவடிவேலுக்குப் போன் போட்டேன்.

"சுரங்கத்துக்குள்ள தண்ணி வருதா?"

"தண்ணி வராத சொரங்கம் எங்கீங்க இருக்குது?"

"எப்பவும் வர்ற அளவுதானா?"

"நாச்சாரம் பக்கம் பாறையில வெடிப்பு சாஸ்திங்க. ரெண்டு மூணு மாசமா சேத்தியாத்தான் வருது. மோட்டாரு போட்டு எறச்சுட்டே இருக்கறோம். ஏனுங்க?"

ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை.

"என்ற கோட்டுக்கு மேல ஒரு வீட்டுல ஒரு கீறல் காட்டுங்க பாய், இப்பவே வேலைய நிறுத்தறேன். இது மூணு தெரு தள்ளி இருக்குதுங்க. இதுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்?"

"கோடு உங்களுக்குங்க. தண்ணிக்குக் கோடு தெரியாது. நீங்க அங்கிட்டு எறைக்கிற தண்ணி இங்கிட்டு இருந்துதான் வருது."

அவர் மைசம்மா கோயிலையும் ரோட்டையும் தொட்டியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பள்ளியைப் பார்த்தார். அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் தன் சர்வேயர்களைக் கூட்டிவந்து டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை வைத்துத் தொட்டியை அளக்கச் சொன்னார். தொட்டி பள்ளிப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஆனால் சாய்வுதான். அது புதிதாக வந்த சாய்வா, கட்டும்போதே மேஸ்திரி விட்ட சாய்வா என்று சொல்ல யாரிடமும் பழைய அளவு இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள். எங்கள் படத்திலோ புள்ளியே இல்லை.

அன்றே தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்கு மூவரும் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், தெலுங்கர், பொறுமையாகக் கேட்டார். அவருடைய கஷ்டமும் நியாயமானது. அந்தத் தொட்டிதான் காலனிக்கும் பக்கத்துக் குடிசைப் பகுதிக்கும் தண்ணீர். வெயில் காலத் தொடக்கத்தில் அதைக் காலி செய்தால் ஜனங்கள் காலிக் குடத்தோடு இங்கேதான் வருவார்கள். "எதைக் காட்டி நான் தண்ணீரை நிறுத்துவது?" என்று கேட்டார். நான் படத்தை விரித்தேன்.

"இங்கே ஒன்றுமே இல்லையே."

"அதுதான் சார்."

அவர் சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடிய விஷயம்தான். "அடுத்த படம் எப்போது வரும்?" என்றார். சொன்னேன். "அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், நிச்சயம் செய்கிறேன்" என்றார்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் "அடுத்த படம் வரட்டும்" என்பதைப்போலச் சுகமான வாக்கியம் வேறு கிடையாது. அதைச் சொன்னதற்காக யாரையும் யாரும் தண்டித்ததில்லை. விஞ்ஞானி நிதானமானவர் என்று பெயரும் கிடைக்கும். நான் எழுந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். வசந்தி எழவில்லை. அவள் தெலுங்கில் அந்த அதிகாரியிடம் சொன்னாள்: "அடுத்த படத்திலும் இந்தப் புள்ளி வராது சார். தொட்டி ஆடுவது நிற்கும்வரை வராது. புள்ளி திரும்ப வந்தால்தான் ஆட்டம் நின்றதென்று அர்த்தம். நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தாலும் இதே வெள்ளைக் காகிதத்தைத்தான் கொண்டுவந்து காட்டுவோம்."

"அப்படியானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றார் அதிகாரி.

கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எனக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பயந்தேன். நாங்கள் தப்பாக இருந்தால் ஒரு காலனி முழுக்க வெயிலில் தண்ணீருக்கு அலையும். அதற்குப் பிறகு இந்த ஊரில் ராடார் என்ற பேச்சை யாரும் எடுக்கவிட மாட்டார்கள். கம்பெனியை மூடிவிட்டு எல்லோரும் கச்சிபௌலிக்குப் போகலாம். காத்திருக்கலாம் என்ற அதிகாரி தப்பாக இருந்தால், நிழலில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய்மார்களும் வாய்ப்பாடு கத்தும் பிள்ளைகளும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நமக்கு வரும் அவமானத்தையும் அடுத்தவருக்கு வரும் ஆபத்தையும் கூட்டிக் கழிப்பதால்தான் நம்மில் பலர் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறோம்.

இப்படி எழுதினேன்: தொட்டி எவ்வளவு அசைகிறது என்று எங்களால் அளக்க முடியவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏதோ நடக்கிறது. அது என்னவென்று தெரியும்வரை தொட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது, அதன் அருகில் பள்ளி நடக்கக் கூடாது. என் வாழ்நாளில் எழுதிய அறிக்கைகளிலேயே சிறியது அதுதான். கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் சுந்தரவடிவேல் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

"நானும் போட்டுடறனுங்க. தண்ணிய எடுத்தது நானு."

அவர் போட வேண்டிய அவசியமே இல்லை. தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பாறை வெடிப்புகளைச் சிமெண்ட் கலவை செலுத்தி அடைப்பதாக அவரே கீழே எழுதினார். வேலை நின்றால் மேலிடத்தில் அவர் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்.

பள்ளியை ஒரு ஃபங்ஷன் ஹாலுக்கு மாற்றினார்கள். தொட்டியைக் காலி செய்த நாளில் குழாயடியில் பெரிய கூட்டம். கடைசித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டவர்கள் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு எங்களைத் திட்டத் திரும்பி வந்தார்கள். ஒரு பெரியம்மா என் தாடியைப் பார்த்துவிட்டு நேராக என்னிடமே வந்து உருதுவில் ஆரம்பித்தார். எனக்கு "கம்ப்யூட்டர்" என்ற சொல்லும் பைத்தியத்தைக் குறிக்கும் "பாகல்" என்ற சொல்லும் மட்டும் புரிந்தன.

"என்ன வசந்தி சொல்றாக?"

"நல்லதா ஒண்ணும் சொல்லல சார். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

தலையை ஆட்டினேன். அதற்கும் திட்டு விழுந்தது.

பள்ளிப் பக்கம் இருந்த காலின் அடித்தளத்தைப் பார்க்க மறுநாள் குழி தோண்டினார்கள். அடித்தளக் கான்கிரீட்டின் விளிம்பு தெரிந்ததும் சுந்தரவடிவேல் வேறு யாரையும் விடாமல் தானே உள்ளே இறங்கினார். குப்புறப் படுத்துக் கையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் எழவில்லை.

"என்னங்க இருக்கு?" என்று மேலிருந்து கேட்டேன்.

"மண்ணு இருக்கோணுமுங்க," என்றார். "என்ற கை பூராவும் உள்ள போவுது பாய்."

மேலே ஏறி வந்து மண்மேட்டில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சேறு. தொட்டியைப் பார்க்கவில்லை, காலியாகக் கிடந்த தகரக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொழந்தைங்களுக்கு அந்த ஹால்ல ஃபேன் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்று வசந்தி சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதில், அவ்வளவு பேர் முன்னால், கைக்குட்டை கூட இல்லாமல் அழுதேன். அவரும் அழுதார் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் சேறு இருந்ததால் தெரியவில்லை.

சுரங்கத்தில் வெடிப்புகளை அடைத்துத் தண்ணீர் வரத்து குறைந்த பிறகு, இரண்டு மூன்று படம் தாண்டி ஒரு காலையில் வசந்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளை இடத்தின் நடுவே ஒரே ஒரு புள்ளி. மங்கல்தான், ஆனால் இருந்தது. அசைவு நின்றுவிட்டது. அன்று முழுக்க நாங்கள் வேலையே செய்யவில்லை. இரானி ஹோட்டலில் உட்கார்ந்து டீக்கு மேல் டீயாகக் குடித்தோம். சுந்தரவடிவேலையும் வரச் சொன்னோம், அவர் வந்து "ஆகாசத்துச் சாமானுக்கு ஒரு டீ என்ற கணக்குல" என்று கூடுதலாக ஒன்று சொல்லி அதையும் தானே குடித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் படத்தை வெட்டிக் கொடுப்பதை நிறுத்தினோம். காணாமல் போன புள்ளிகளுக்குக் கறுப்பு நிறம் கொடுத்தோம். வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. படம் அசிங்கமாக இருக்கிறது, அம்மை போட்டதுபோல இருக்கிறது என்பார்கள். நீங்களும் கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கும் அதே பேச்சு கிடைக்கும்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. வசந்தி வெளிநாட்டில் பெரிய பதவியில் இருக்கிறாள்; போனில் பேசினால் இன்னும் "ஹவ் சார்" தான். சுந்தரவடிவேல் ஊரில் தென்னந்தோப்போடு இருக்கிறார். பொங்கலுக்கு நான் போனில் கூப்பிடுவேன், பெருநாளைக்கு அவர் கூப்பிடுவார். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. மின்வெட்டும், தாமதமாக வரும் டிஸ்க்கும், ஒரு படத்துக்காக நகம் கடித்துக் காத்திருந்ததும், ஸ்கூட்டரின் பின்னால் பயந்துகொண்டே போனதும் எல்லாம் வேண்டும்போல இருக்கிறது. உங்களுக்கு எல்லாம் உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிறது, நல்லதுதான். எழுந்துபோக ஒரு காரணமாவது உங்களுக்குக் கிடைக்கட்டும்.

சில வருடங்கள் கழித்துக் கச்சிபௌலியில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளிடம் சொல்லாமல் ஒரு ஆட்டோ பிடித்து நாச்சாரம் போனேன். பழைய தொட்டியைப் பிரித்து எடுத்துவிட்டுக் கரைக்கு வெளியே கெட்டியான பாறையில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பள்ளி அங்கேயே, தகரத்துக்குப் பதில் ஓட்டுக் கூரையோடு இருந்தது. மைசம்மா கோயிலுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், இங்கே ஒரு தொட்டி இருந்ததே என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன்.

அவள் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஒரு வெயில் காலத்தில் யாரோ கம்ப்யூட்டர் ஆட்கள் வந்தார்களாம். தொட்டி விழப்போகிறது என்று பயமுறுத்தித் தண்ணீரை நிறுத்திவிட்டார்களாம். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு அவள் வரிசையில் நின்றாளாம். அவர்கள் நன்றாகவே இருக்க மாட்டார்கள் என்றாள்.

"தொட்டி விழுந்ததாம்மா?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியை நிறுத்திவிட்டு, இந்தக் கிழவனுக்கு என்ன கோளாறு என்பதுபோலப் பார்த்தாள். "படனே லேது," என்றாள். விழவே இல்லையாம்.

பள்ளி விட்டது. பிள்ளைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தொட்டி இருந்த இடத்தின் வழியாக ஓடிவந்தார்கள். அதில் ஒருவன் வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பஜ்ஜி கேட்டான். காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அவளிடம் இன்னொரு தடவை கேட்டேன். அவளும் சலித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.